612 வரி மெத்தடும் 61 நாள் தடைக்காலமும்

மார்ச் கடைசியில் ஒரு சனிக்கிழமை ராத்திரி மீன் ஏலக் கடை முதலாளி போன் செய்தார். "தம்பி, சீட்டுல டிரைவர் பங்கு தனியா, ஆளுங்க பங்கு தனியா வரணும். ஒரு லைன்தான? நாளைக்கே போட்டுக் குடுத்துடு."

புரோகிராமில் ஒரு வரிதான். அதை எங்கே போடுவது என்று கண்டுபிடிக்க எனக்கு நான்கு ராத்திரி ஆனது. போட்ட மறுநாள் ஒரு படகுக்கு முன்பணம் இரண்டு தடவை பிடித்தமாகிவிட்டது. சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு அந்தப் படகு ஓனர் கடை வாசலில் நின்று பேசியதை இங்கே எழுத முடியாது. பணத்தைத் திருப்பிக் கொடுத்து, கணக்கைக் கையால் திருத்தி, போட்ட வரியையும் எடுத்துவிட்டேன். ஏன் இரண்டு தடவை பிடித்தது என்று மட்டும் அப்போது தெரியவில்லை.

காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் படகுகளின் மீனை ஏலம் விட்டுக் கொடுக்கும் ஒரு கமிஷன் கடைக்கு 2019-இல் இருந்து கணக்கு புரோகிராம் எழுதிக் கொடுத்து வருகிறேன். பகலில் வேறு வேலை, ராத்திரியும் ஞாயிற்றுக்கிழமையும் இது. தண்டையார்பேட்டையில் இருந்து வண்டியில் பத்து நிமிடம். கன்டெய்னர் லாரி வரிசை நகராமல் நின்றுவிட்டால் முக்கால் மணி நேரம். புரோகிராம் பைத்தான் மொழியில் இருக்கிறது, தரவு ஒரே ஒரு எஸ்கியூலைட் கோப்பில்.

அந்த மார்ச் சண்டைக்குப் பிறகு முடிவு செய்தேன்: தடைக்காலத்தில் இதைப் பிரித்துப் போட்டுவிட வேண்டியதுதான். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. அந்த இரண்டு மாதமும் துறைமுகம் முழுக்க இஞ்சினைப் பிரிப்பதும் பெயிண்ட் அடிப்பதும் வலை பின்னுவதுமாகத்தான் இருக்கும். பெரிய சீட்டு எதுவும் வராது. ஃபைபர் படகுகள் மட்டும் கரையோரமாகப் போய் வரும், அவற்றின் சின்னச் சீட்டுகள் தினமும் நாலைந்து. புரோகிராமைப் பிரிக்க இதைவிட நல்ல நாள் வருடத்தில் கிடையாது.

மெத்தட் என்றால் புரோகிராமில் ஒரு பெயரின் கீழ் வரும் நிரல் துண்டு. நான் பிரிக்க வேண்டிய மெத்தடின் பெயர் 'பிராசஸ்'. அந்தப் பெயரிலேயே பாதி விஷயம் தெரிந்துவிடும். 612 வரி. படகு கரைக்கு வந்து மீன் இறங்கியதில் இருந்து ஓனர் கைக்குப் பணம் போவது வரை எல்லாம் அதற்குள்ளேதான். வஞ்சிரம், கொடுவா மாதிரி பெரிய மீன் கிலோ கணக்கு. நெத்திலி, கவலை எல்லாம் கூடைக் கணக்கு. கோழித் தீவனத்துக்குப் போகும் கழிசல் மீனுக்குத் தனிக் கணக்கு. வந்த பணத்தில் கடைக் கமிஷன் போகும். பிறகு டீசல், அதிலும் மானிய டீசலுக்கு ஒரு விலை, வெளியில் போட்டதற்கு ஒரு விலை. ஐஸ், மளிகை, இறக்குக் கூலி. மிச்சத்தில் ஓனருக்கு ஒரு பங்கு, ஆட்களுக்கு ஒரு பங்கு, அதில் டிரைவருக்குக் கூடுதல். ஓனர் கடையில் வாங்கிய முன்பணத்தில் கொஞ்சம் பிடித்தம். கடைசியில் சீட்டு அச்சடிப்பது.

2019-இல் இது எண்பது வரிதான் இருந்தது, சத்தியமாக. ஃபைபர் படகு வந்தபோது ஒரு இஃப், அதாவது 'இப்படி இருந்தால் இதைச் செய்' என்ற நிபந்தனை. கழிசல் வந்தபோது இன்னொரு இஃப். ஒரு ஓனர் மட்டும் ஐஸை அவரே வாங்கிக்கொள்வார் என்று ஒரு இஃப். ஒவ்வொரு தடவையும் "இங்கேயே போட்டால் முடிந்தது" என்றுதான் போட்டேன், முடிந்ததும் உண்மைதான்.

ராடன் என்று ஒரு சின்னக் கருவி இருக்கிறது. ஒரு மெத்தடுக்குள் எத்தனை வழிகள் கிளை பிரிகின்றன என்று எண்ணிச் சொல்லும். 1976-இல் தாமஸ் மெக்கேப் கொண்டுவந்த கணக்கு அது, பத்துக்குள் வைத்துக்கொள்வது நல்லது என்பது அவர் கருத்து. ராடன் 1 முதல் 5 வரை ஏ கிரேடு தரும், 40-ஐத் தாண்டினால் எஃப், அதற்குக் கீழே கிரேடு இல்லை. என் மெத்தடுக்கு 94. ஸ்கூலில்கூட நான் இப்படி ஃபெயில் ஆனதில்லை.

கத்தியை எடுப்பதற்கு முன்னால் ஒரு வாரம் டெஸ்டுக்கே போனது. மெத்தட் சரியாகக் கணக்கு போடுகிறதா என்பது இந்த டெஸ்டின் கேள்வியே இல்லை. இப்போது என்ன செய்கிறதோ, தப்போ சரியோ, பிரித்த பிறகும் அதையே செய்கிறதா என்று பார்க்க வேண்டும். பழைய மெத்தடை அப்படியே 'பழசு' என்று ஒரு கோப்பில் வைத்துவிட்டு, மூன்று வருடத்துச் சீட்டுகளில் 842-ஐ எடுத்து, ஒவ்வொன்றையும் பழசிலும் ஓட்டி, புதுசிலும் ஓட்டி, வரும் சீட்டை எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுவது. சீட்டில் அச்சாகும் நேரத்தை மட்டும் நிறுத்தி வைக்க வேண்டியிருந்தது, இல்லையென்றால் எதுவும் ஒத்துப்போகாது.

முதலில் ஒவ்வொரு ஓட்டத்துக்கும் பிறகு ரோல்பேக் (தரவில் எழுதியதை ரத்து செய்வது) செய்துவிட்டால் தரவு பழைய நிலைக்கு வந்துவிடும் என்று நினைத்தேன். வரவில்லை. ரோல்பேக் செய்தும் முன்பணத் தொகை மாறியே இருந்தது. மெத்தடுக்கு நடுவில் எங்கோ கமிட் (எழுதியதை நிரந்தரமாக்கும் கட்டளை) இருக்கிறது என்று அன்றைக்கே மண்டையில் உறைத்திருக்க வேண்டும். எனக்கு ராத்திரி பதினொன்றரை மணி, தூக்கம். சுற்றுவழி கண்டுபிடித்துவிட்டேன்: பைத்தான் 3.7-இல் இருந்து எஸ்கியூலைட் தரவை அப்படியே நினைவகத்துக்கு நகலெடுக்கும் வசதி இருக்கிறது, ஒவ்வொரு ஓட்டத்துக்கும் ஒரு புது நகல். 842 சீட்டும் ஒரு நிமிடத்துக்குள் ஓடி முடிந்தன. வேகம் வந்த சந்தோஷத்தில் காரணத்தைத் தேடாமல் விட்டேன்.

அப்புறம் வெட்ட ஆரம்பித்தேன், தப்பாக.

எடிட்டரில் பத்து வரியைத் தேர்ந்தெடுத்து ஒரு கட்டளை கொடுத்தால் அதுவே தனி மெத்தடாகப் பிரித்து, என்ன உள்ளே போக வேண்டும், என்ன வெளியே வர வேண்டும் என்று அதுவே பார்த்துக் கொடுத்துவிடும். அருமையான வசதி. ஒரே ராத்திரியில் 612 வரியை ஒன்பது துண்டாக்கினேன். வெற்று வரி எங்கே இருந்ததோ அங்கே வெட்டு. டெஸ்ட் எல்லாம் பச்சை. காலையில் எழுந்து படித்தால், ஒரு மெத்தடுக்குள் பதினான்கு மதிப்புகள் போகின்றன, ஆறு வெளியே வருகின்றன. பெயர்கள்: 'முதல் கட்டக் கணக்கு', 'இரண்டாம் கட்டக் கணக்கு', 'மற்றவை'. வஞ்சிரத்தைத் தலை, நடு, வால் என்று வெட்டாமல் ஸ்கேல் வைத்து மூன்று அங்குலத்துக்கு ஒரு வெட்டு போட்டது போல இருந்தது. எல்லாவற்றையும் கிட்டில் (நிரல் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கருவி) பின்னுக்குத் தள்ளி, பழைய இடத்துக்கே வந்தேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு கடைக்கே போனேன். அங்கே கணக்கு பார்க்கும் அக்கா இருபது வருடத்துக்கு மேலாக இந்த வேலையில் இருக்கிறார். புரோகிராம் வந்த பிறகும் நீளவாக்கு நோட்டில் கையால் எழுதுவதை அவர் நிறுத்தவில்லை. "உன் மெஷின் ஒருநாள் கவுத்துடும், அப்ப யாரு பதில் சொல்றது?" என்பார். மார்ச்சில் கவிழ்த்ததும் அந்த நோட்டை வைத்துத்தான் சரி செய்தோம் என்பதால் நான் பேச முடியாது.

அந்த நோட்டில் ஒரு டிரிப்புக்கு ஒரு பக்கம். ஏழு தலைப்பு. இருபது வருடமாக அதே வரிசை, அதே சொற்கள். என் மெத்தடில் இருந்த பெயர்களை அவருக்குப் படித்துக் காட்டினேன். 'டெட்' என்று ஒரு வேரியபிள் (மதிப்பைப் போட்டு வைக்கும் பெயர்), டிடக்‌ஷன் என்பதன் சுருக்கம். அது என்ன என்று கேட்டார். "கழிவு, அக்கா" என்றேன்.

"எந்தக் கழிவு?"

"கழிக்கிறது. காசுல."

"அது பிடித்தம். கழிவுன்னா ஐஸு தண்ணிக்கு எடையில தள்ளுறோமே, அது. இன்னும் சில பேரு கழிசலையே கழிவும்பாங்க. நீ எத்த சொல்ற?"

மெத்தடைத் திறந்து பார்த்தேன். 'டெட்' 71-ஆவது வரியில் எடையில் தள்ளும் கிலோ. 330-ஆவது வரியில் அதே 'டெட்' ரூபாயில் பிடிக்கும் முன்பணம். நடுவில் ஓர் இடத்தில் கழிசல் மீனின் தொகையும் அதற்குள் வந்து உட்கார்ந்துவிட்டுப் போகிறது. மூன்று விஷயத்துக்கு ஒரே வேரியபிள், மேலே உள்ளது கீழே தேவைப்படாது என்ற தைரியத்தில். அக்கா கேட்ட கேள்வியை ஆறு வருடம் முன்னால் நான் என்னையே கேட்டிருக்கலாம்.

அன்று மத்தியானம் வரை அவர் பக்கத்தில் உட்கார்ந்து, நோட்டில் உள்ள ஒவ்வொரு தலைப்பையும் எழுதிக்கொண்டேன். வெளியே படகுப் பலகை இடுக்கில் பஞ்சு வைத்து அடிக்கிற சுத்தியல் சத்தம், பெயிண்ட் வாசனை, கடையில் பாதி ஷட்டர் இறக்கியிருந்தது. வெட்ட வேண்டிய இடம் ஏழும் நோட்டிலேயே இருந்தன.

இந்த முறை வேலை வேறு மாதிரிப் போனது. வெட்டுவதற்கு முன்னால் பெயர். பெயர் நோட்டில் இருந்தோ அக்கா வாயில் இருந்தோ வர வேண்டும். பெயர் கிடைக்காவிட்டால் அந்த இடத்தில் வெட்டுவதில்லை என்று வைத்துக்கொண்டேன். மெத்தட் பெயர் வைக்கும்போது நடுவில் 'மற்றும்' போடாமல் சொல்ல முடியவில்லை என்றால் உள்ளே இரண்டு வேலை இருக்கிறது, இன்னும் பிரிக்க வேண்டும். எவ்வளவு யோசித்தும் 'உதவிக் கணக்கு' என்ற மாதிரிதான் வருகிறது என்றால் வெட்டே தப்பு.

முதல் வேலையாக 'டெட்'டை மூன்றாக உடைத்தேன்: எடைக்கழிவு, கழிசல் தொகை, முன்பணப் பிடித்தம். இதைச் செய்த பிறகு எடிட்டரிடம் பிரிக்கச் சொன்னால் பதினான்கு மதிப்புகள் கேட்ட இடத்தில் மூன்றுதான் கேட்கிறது. ஒரே டப்பாவை எல்லாவற்றுக்கும் பயன்படுத்தியதால்தான் துண்டுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு வந்திருக்கின்றன. பெரிய மெத்தடைப் பிரிக்கப் போகிறவர்கள் வேறு எதைச் செய்யாவிட்டாலும் இதை முதலில் செய்யுங்கள். வேரியபிளைப் பிரிக்காமல் மெத்தடைப் பிரிக்கப் போனால் நான் முதல் ராத்திரி பட்டதைப் படுவீர்கள்.

பெயர்களை எந்த மொழியில் வைப்பது என்று கொஞ்சம் குழம்பினேன். பைத்தான் 3-இல் தமிழ் எழுத்திலேயே பெயர் வைக்கலாம், ஓடும். வேலை செய்யும் அலுவலகத்தில் நான் இதைச் செய்ய மாட்டேன், அங்கே வெவ்வேறு ஊர்க்காரர்கள் படிக்க வேண்டும். இங்கே படிக்கப் போவது நானும் அக்காவும்தான், அவர் சொல்லும் சொல் தமிழில்தான் இருக்கிறது. 'பிடித்தம்' என்பதை ஆங்கிலத்தில் மாற்றினால் மறுபடி 'டெட்'டில்தான் போய் நிற்கும். கடலும் கடையும் சம்பந்தப்பட்ட எல்லாம் தமிழ், கோப்பைத் திறப்பது மூடுவது எல்லாம் ஆங்கிலம் என்று பிரித்துக்கொண்டேன்.

இதில் எதிர்பார்க்காத லாபம் ஒன்று. ஆம், இல்லை என்று பதில் தரும் மெத்தடுகளுக்குத் தமிழில் கடைசியில் ஓர் 'ஆ' போட்டால் போதும். நஷ்ட_டிரிப்பா, மானிய_டீசலா, கிலோ_கணக்கா. இஃப்-க்குப் பக்கத்தில் அதை வைத்துப் படித்தால் கேள்வி மாதிரியே ஒலிக்கிறது. நஷ்டமும் ஒன்று: ஒற்று. முன்பணப்_பிடித்தம் என்று ஒரு கோப்பில், முன்பண_பிடித்தம் என்று இன்னொன்றில் அடித்துவிட்டு, அப்படி ஒரு பெயரே இல்லை என்று பைத்தான் கத்தியபோது கால் மணி நேரம் திரையை முறைத்துக்கொண்டிருந்தேன். வல்லினம் மிகும் இடத்தைப் பத்தாம் வகுப்புக்குப் பிறகு இவ்வளவு கவனமாகப் படித்ததில்லை.

மே இரண்டாம் வாரம் முடிவில் நடு மெத்தடின் முக்கியமான பகுதி இப்படி ஆகியிருந்தது:

வரவு = ஏல_வரவு(டிரிப்)
கமிஷன் = கமிஷன்_தொகை(வரவு, டிரிப்.படகு)
செலவு = டிரிப்_செலவு(டிரிப்)
மிச்சம் = வரவு - கமிஷன் - செலவு
ஓனர்_பங்கு, ஆள்_பங்கு = பங்கு_பிரி(மிச்சம், டிரிப்.படகு)
பிடித்தம் = முன்பணப்_பிடித்தம்(ஓனர்_பங்கு, டிரிப்.படகு)

அக்காவிடம் காட்டினேன். கண்ணாடியை ஏற்றிவிட்டுப் படித்தார். "இது நம்ம நோட்டு" என்றார். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை.

நஷ்ட டிரிப் விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். மீன் சரியாகக் கிடைக்காமல் டீசல் காசுகூட வராத டிரிப்பில் மிச்சம் பூஜ்யத்துக்குக் கீழே போகும். பங்கு கிடையாது, நஷ்டம் ஓனர் கணக்கில் ஏறும். பழைய மெத்தடில் 'மிச்சம் இருந்தால்' என்று ஓர் இஃப், அதற்குள் ஃபைபரா என்று ஓர் இஃப், அதற்குள் இன்னொன்று, இப்படி ஆறு அடுக்கு. வலப்பக்கம் நகர்ந்து நகர்ந்து வரி திரைக்கு வெளியே போய்விடும். பங்கு_பிரி என்பதைத் தனியாக எடுத்த பிறகு, அதன் முதல் வரியிலேயே நஷ்ட_டிரிப்பா என்று கேட்டு, ஆமாம் என்றால் அப்படியே திரும்பிவிட வைத்தேன். மற்றதெல்லாம் இரண்டு அடுக்குக்குள் அடங்கிவிட்டது.

இனி நான் போட்ட தப்புகள்.

ஏல_வரவு பிரித்த அன்று 842-இல் 37 சீட்டுகள் ஒரு ரூபாய், இரண்டு ரூபாய் வித்தியாசத்தில் வந்தன. மற்ற 805 சரி. இதுதான் எரிச்சல், எல்லாமே தப்பாக இருந்தால் கண்டுபிடித்துவிடலாம். பழைய மெத்தடில் தொகையோடு அரை ரூபாய் கூட்டி, தசமத்தை வெட்டிவிடும் பழைய பாணிக் கணக்கு இருந்தது. அழகாக இருக்கட்டும் என்று அதை எடுத்துவிட்டு பைத்தானின் ரவுண்ட் போட்டிருந்தேன். 12.5 கிலோ, கிலோ 185 ரூபாய் என்றால் 2312.50. பழைய கணக்குக்கு 2313. ரவுண்டுக்கு 2312. சரியாக அரையில் நின்றால் அது பக்கத்தில் உள்ள இரட்டைப்படை எண்ணுக்குப் போகும், அப்படித்தான் அதை எழுதியிருக்கிறார்கள். 7.5 கிலோ, 165 ரூபாய் என்றால் 1237.50, இரண்டு கணக்கிலும் 1238. அதனால்தான் சில சீட்டு மட்டும். ஏலத்தில் நிற்பவரிடம் இரட்டைப்படை எண் பற்றி விளக்கம் சொல்லிக்கொண்டிருக்க முடியாது, அரை ரூபாய் என்றால் மேலேதான். பழைய முறையையே ரூபாய்க்கு_முழுமையாக்கு என்று பெயர் வைத்து ஒரே இடத்தில் வைத்தேன். தேடிப் பார்த்தால் அந்த அரை ரூபாய் வித்தை பழைய மெத்தடில் பதினோரு இடத்தில் நகலாகக் கிடந்தது.

அப்படியும் ஆறு சீட்டு ஒத்துப்போகவில்லை. அது என் கைவரிசை: பழசு ஒவ்வொரு மீன் வரியையும் முழு ரூபாயாக்கிவிட்டுக் கூட்டியது, நான் எல்லாவற்றையும் கூட்டிவிட்டு முழு ரூபாயாக்கியிருந்தேன். நோட்டில் எப்படி என்று அக்காவுக்கு போன் போட்டேன். வரிக்கு வரிதான். பழசு சரி, நான் தப்பு.

இரண்டாவது, கொடுவா. எந்த மீன் கிலோ, எந்த மீன் கூடை என்று பழைய மெத்தடில் ஆங்கில எழுத்துக் குறியீடுகளை வைத்து நாற்பது வரி இஃப் சங்கிலி இருந்தது. அதை எடுத்துவிட்டு மீன் பெயருக்கு எதிரே கணக்கு முறை என்று ஓர் அட்டவணை வைத்தேன். கிலோ_கணக்கா என்று கேட்டால் அட்டவணையில் பார்த்துச் சொல்லும், பெயர் இல்லாவிட்டால் கூடை என்று எடுத்துக்கொள்ளும். ஓட்டினால் கொடுவா எல்லாம் கூடைக் கணக்கில் போய்விட்டது. அட்டவணையில் கொடுவா இருக்கிறது, தரவிலும் கொடுவா இருக்கிறது, திரையில் இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரிகின்றன, இரண்டும் சமமா என்று கேட்டால் இல்லை என்கிறது.

தமிழில் புரோகிராம் எழுதுகிறவர்கள் எல்லாரும் ஒரு தடவையாவது இந்தக் குழியில் விழுவார்கள் என்பதால் கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறேன். யூனிகோடில் 'கொ' என்பதை இரண்டு விதமாகச் சேமிக்கலாம். க-வுக்குப் பிறகு ஒகரக் குறி என்று ஒரே குறியாக வைக்கலாம், அல்லது ஒற்றைக் கொம்பு, துணைக்கால் என்று இரண்டு குறிகளாக வைக்கலாம். 'கோ'வுக்கும் இதே கதை. கடை கம்ப்யூட்டரில் அக்கா பயன்படுத்தும் பழைய கீபோர்டு இரண்டாவது விதத்தில் அடிக்கிறது, என்னுடையது முதல் விதத்தில். வேரியபிள் பெயர்களில் பைத்தானே இந்த வித்தியாசத்தை நீக்கிக்கொள்ளும். அதைப் பார்த்துப் பழகியதால், மேற்கோள் குறிக்குள் இருக்கும் எழுத்துகளிலும் அப்படித்தான் செய்யும் என்று இருந்துவிட்டேன். அங்கே செய்யாது, நாம்தான் செய்ய வேண்டும். பெயர் உள்ளே வரும் வாசலிலேயே யூனிகோட்டேட்டா நூலகத்தின் நார்மலைஸ் வைத்து எல்லாவற்றையும் ஒரே விதமாக்கிவிட்டேன். கூடவே, அட்டவணையில் இல்லாத மீன் வந்தால் சும்மா கூடை என்று எடுத்துக்கொள்ளாமல் நின்று கேட்கும்படி மாற்ற ஆசைதான். அது நடத்தை மாற்றம், பிரிக்கும் வேலையோடு கலக்கக் கூடாது என்று தனியாக எழுதி வைத்தேன்.

அந்தத் தனி எழுத்து ஒரு பழைய டைரி. பிரிக்கும்போது கண்ணில் படும் தப்பை அங்கேயே திருத்திவிடக் கை துறுதுறுக்கும். ஒரு நாள் அப்படித் திருத்தினேன், மானிய டீசல் அளவு தாண்டினால் வெளி விலை போடும் இடத்தில். டெஸ்டில் 60 சீட்டுகள் சிவப்பு. அதில் எது என் திருத்தத்தால், எது என் வெட்டால் என்று பிரிக்க முடியாமல் ஒரு ஞாயிறு முழுக்கப் போனது. அதற்குப் பிறகு பார்த்த தப்பு எல்லாம் டைரியில், வெட்டு மட்டும் கிட்டில். ஒரு வெட்டு, ஒரு ஓட்டம், கிட்டில் ஒரு கமிட் (பதிவு).

மார்ச் மாதத்து முன்பணக் கதை மே 20-ஐ ஒட்டித்தான் வெளியே வந்தது. முன்பணப்_பிடித்தம் என்பதை இன்னும் பிரிக்கப் போனால் பெயர் சரியாக உட்காரவில்லை. உள்ளே எவ்வளவு பிடிப்பது என்று கணக்கு போடுகிறது, அப்புறம் முன்பணக் கணக்கில் அதைக் கழித்து எழுதுகிறது, கமிட்டும் செய்கிறது. உண்மையான பெயர் 'பிடித்தத்தைக் கணக்கிட்டு, கணக்கில் எழுதி, சேமி' என்று இருக்க வேண்டும். அதைப் பெயராக அடித்துப் பார்த்த நொடியில் புரிந்தது. சீட்டை மறுபடி அச்சடித்தால் முழு மெத்தடும் மறுபடி ஓடும், மறுபடி பிடிக்கும். மறு அச்சா என்று கேட்கும் ஓர் இஃப் ஃபைபர் பக்கத்தில் இருந்தது, விசைப்படகு பக்கத்தில் இல்லை. மார்ச்சில் புது வரி சீட்டில் தெரியவில்லை என்று அக்கா இரண்டாவது தடவை அச்சடித்திருக்கிறார். ரோல்பேக் வேலை செய்யாத அந்த ராத்திரி இது என் கண் முன்னாலேயே இருந்திருக்கிறது.

இன்னொன்றும் அப்போதுதான் தெரிந்தது. என் 842 டெஸ்டும் சீட்டில் உள்ள எழுத்தை மட்டுமே ஒப்பிட்டன. தரவில் என்ன எழுதியது என்று பார்க்கவே இல்லை. இரண்டு நகலிலும் முன்பண அட்டவணையை ஒப்பிடும் வரிகளைச் சேர்த்த பிறகுதான் மேலே கை வைத்தேன். கணக்கிடுவது ஒரு மெத்தட், எழுதுவது இன்னொரு மெத்தட்: முன்பணப்_பிடித்தம் ஒரு தொகையை மட்டும் திருப்பிக் கொடுக்கும், பிடித்தத்தை_எழுது என்பது தரவைத் தொடும். பிரித்ததை ஒரு கமிட்டாகவும், மறு அச்சில் எழுதாமல் விடும் திருத்தத்தை மறுநாள் வேறு கமிட்டாகவும் போட்டேன்.

எல்லாவற்றையும் துண்டாக்கவில்லை. சீட்டு அச்சடிக்கும் பகுதி 58 வரி, அப்படியே விட்டுவிட்டேன். தலைப்பு, மீன் வரிகள், செலவு, கோடு, மொத்தம் என்று மேலிருந்து கீழே சீட்டு எப்படி இருக்கிறதோ அதே வரிசையில் நிரலும் இருக்கிறது. அதைப் பிரித்துப் பார்த்தேன், ஒரு கோடு எங்கே விழுகிறது என்று தெரிந்துகொள்ள ஐந்து மெத்தட் தாவ வேண்டியிருந்தது. திரும்பச் சேர்த்துவிட்டேன். ஐஸ்_செலவு என்று ஒரே ஒரு பெருக்கலுக்கு ஒரு மெத்தட் எழுதி, அதையும் திரும்பக் கரைத்தேன், 'ஐஸ் கட்டி × விலை' என்பது பெயரைவிடத் தெளிவாகவே இருந்தது.

மொத்தம் 31 மெத்தடுகள். வரிகள் 612-இல் இருந்து 640 ஆகிவிட்டன. குறையும் என்று நினைத்தவர்களுக்கு ஏமாற்றம்தான். ராடன் கணக்கில் மிகப் பெரியது இப்போது 12, சி கிரேடு, டீசல் பகுதி. இன்னும் பிரித்தால் பி கிரேடுக்குள் வந்திருக்கும். மானிய டீசல் விதியே அவ்வளவு கோணல், என்னால் நேராக்க முடியவில்லை.

ஜூன் 10-ஆம் தேதி முதலாளி மார்ச்சில் கேட்ட அந்த ஒரு வரியைப் போட்டேன். டிரைவர் பங்கு தனி, ஆட்கள் பங்கு தனி. பங்கு_பிரி மெத்தடுக்குள் மூன்று வரி, அச்சில் ஒரு வரி. டெஸ்ட் ஓட்டும் நேரத்தையும் சேர்த்து இருபது நிமிடம். முதலாளியிடம் இருபது நிமிடம் என்று சொல்லவில்லை, சொன்னால் அடுத்த வாரமே வேறு ஏதாவது கேட்பார்.

14-ஆம் தேதி ராத்திரி துறைமுகத்தில் ஐஸும் டீசலும் ஏற்றும் சத்தம் நிற்கவே இல்லை. தடை முடிந்து போன படகுகளில் எங்கள் கடைப் படகு ஒன்று நான்காம் நாள் திரும்பியது. அதிகாலை நான்கரை மணிக்கு நானும் கடையில் இருந்தேன், பயம்தான் காரணம். ஏலம் முடிந்து அக்கா சீட்டை அச்சடித்தார். நோட்டைப் பக்கத்தில் விரித்து, பேனா முனையால் ஒவ்வொரு வரியாகத் தொட்டுக்கொண்டே வந்தார். கமிஷன் சரி. டீசல் சரி. பிடித்தம் சரி. வேண்டுமென்றே இரண்டாவது தடவை அச்சடித்து, முன்பணக் கணக்கைத் திறந்து பார்த்தார். மாறவில்லை. என்னை ஒரு பார்வை பார்த்தார்.

பேனா ஆட்கள் பங்குக்குக் கீழே ஓரிடத்தில் நின்றது.

"படின்னு போட்டுகிறியே, இன்னாது இது?"

"பேட்டாதான் அக்கா. டிரிப்புக்கு முன்னாடி ஆளுங்களுக்குக் குடுக்கிறது."

"அப்ப பேட்டான்னு போடேன். படின்னா அரிசி அளக்கிறதுன்னு நெனப்பானுங்க."

நோட்டில் பேட்டா என்றுதான் இருக்கிறது. அந்த ஒரு சொல்லை மட்டும் நல்ல தமிழ் என்று நானாக மாற்றியிருந்தேன். ஐஸ் பெட்டி மேல் லேப்டாப்பை வைத்து, ஏழு இடத்தில் பெயரை மாற்றி, டெஸ்டை ஓட விட்டு, டீ வாங்கி வரப் போனேன்.